இராபர்ட் ஓவன் சரித்திரம்: உழைப்பாளர் இன்பமும் முதலாளி ஒழுக்கமும்

நம்மவருள் கடை வைத்து வாணிபம் செய்வோர் பலர். ஆலையும் பட்டறையும் நடத்துவோர் சிலர். அவர்களிடத்துச் சம்பளத்துக்கு அமர்ந்திருப்போரும் நம்மவருள் உளர். இவ்விரு திறத்தாரும் கூடுமிடத்தில் ஒரு வழக்கு எழுவதுண்டு. வேலையாட்களை இன்பமாக வைத்திருந்தால் தொழில் கெடும் என்பர் ஒரு சாரார். அவரை வருத்தி ஈட்டிய பொருள் நில்லாது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு வாய்ப்பேச்சால் தீர்வதன்று. தம் முதலையும் வாழ்நாளையும் பணயமாக வைத்து இதனைச் சோதித்துப் பார்த்த ஒருவர் இருப்பாராயின், அவருடைய கணக்கை நாம் பார்த்தல் தகும். அத்தகையாருள் தலைசிறந்தவர் இராபர்ட் ஓவன் என்னும் வேல்ஸ் நாட்டார். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவேம்.

இவர் 1771-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு மாண்ட்கோமரி வட்டத்தில் நியூடவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைத்தும், இரும்புச் சாமான் விற்றும், அவ்வூர் அஞ்சல் வேலை பார்த்தும் குடும்பம் நடத்தியவர். மக்கள் எழுவருள் இவர் ஆறாமவர். பள்ளிப் படிப்பு ஒன்பது வயதுக்குள் முடிந்துபோயிற்று. பத்தாம் வயதில் ஊரைவிட்டு இலண்டன் மாநகருக்குத் தமையன் வீடு நோக்கிப் புறப்பட்டார். சில வாரத்துக்குள் ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் மக்கபாக் என்னும் ஜவுளிக் கடைக்காரரிடம் வேலை பயிலச் சேர்க்கப்பட்டார்.

மக்கபாக் ஒரு காலத்தில் கூடையிற் சரக்கைச் சுமந்து வீடு வீடாக விற்றுத் திரிந்து, பின்பு செட்டாலும் நேர்மையாலும் பெரிய கடைக்கு உடையவரானவர். உயர்ந்த ரகத் துணிகளே அங்கு விற்கப்பட்டன. துணியைத் தொட்ட அளவில் அதன் தரம் அறியும் வித்தையைச் சிறுவர் ஆண்டுக் கற்றார். கடைக்காரர் வீட்டிலிருந்த நூல்களையும் ஓய்வு நேரமெல்லாம் கற்றார்.

பின்னர் இலண்டனில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தருகே இருந்த வேறொரு கடையிற் சேர்ந்தார். அது பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லி, கடன் கொடாமல் ரொக்கத்துக்கே விற்கும் கடை. கூட்டம் அலைமோதும். காலையில் நின்ற கால் நள்ளிரவு கழியுமட்டும் நிற்க வேண்டும். விற்பனை முடிந்த பிறகு கலைந்த சரக்கையெல்லாம் மடித்து அடுக்கவேண்டும். படுக்கப் போகையில் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏற வேண்டியிருந்ததென்று முதுமையில் அவர் எழுதிய தம் வரலாற்றில் நினைவு கூர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்க்கு வேலை நேரம் வகுத்தவர், தாமே கால் கடுக்க நின்றவர் என்பதை நாம் மறக்கலாகாது.

அங்கிருந்து மாஞ்செஸ்டர் நகரம் சேர்ந்தார். பஞ்சு நூற்கும் இயந்திரங்கள் புதிதாகப் பெருகிய காலம் அது. பதினெட்டு வயதளவில் தமையனிடம் 100 பவுன் கடன் பெற்று, ஒருவரோடு கூடி நூற்பு இயந்திரம் செய்யும் தொழில் தொடங்கினார். அக்கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. 1792-ஆம் ஆண்டில் டிரிங்க்வாட்டர் என்னும் செல்வர் தம் நூற்பாலைக்கு மேலாளர் தேடினார். இருபது வயதுப் பிள்ளை சென்று ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம் கேட்டார். செல்வர் திடுக்கிட்டார். தம் சொந்தத் தொழிலில் அவ்வளவு வருகிறதென்று கணக்கைக் காட்டி, கேட்ட சம்பளத்தையே பெற்றார். ஐந்நூறு பேர் வேலை செய்த அவ்வாலையில் அவர் முதல் ஆறு வாரம் ஒருவருக்கும் ஓர் ஆணையும் இட்டதில்லை. ஆலை திறக்கும்போது முதலில் வருவார். பூட்டும்போது கடைசியிற் போவார். ஒவ்வொரு வேலையையும் கண்ணால் நோக்கிக் குறித்துக்கொள்வார். அதன் பின்னரே வாய் திறந்தார். புதிய முதலாளிகள் முதல் நாளே உரத்த குரலில் அதிகாரம் செய்யத் தொடங்கும் நம் ஊர் வழக்கத்தை நினைக்கும்போது, இவ்வாறு வாரத்து மௌனம் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்தில் கிளைடு என்னும் ஆறு அருவியாக விழும் பள்ளத்தாக்கில் நியூ லானார்க்கு என்னும் ஆலையூர் உண்டு. டேவிட் டேல் என்னும் கிளாஸ்கோ வணிகர் 1780-களில் அருவி நீரின் விசையைக் கொண்டு அங்கே நூற்பாலைகளை நிறுவினார். ஓவன் தொழில் நிமித்தம் கிளாஸ்கோ சென்றபோது டேலின் மகளாகிய காரலைன் என்பாரைக் கண்டார். இருவர் மனமும் ஒன்றின. பெண் கேட்குமுன் ஆலையை விலை கேட்டார் என்று சொல்லலாம். 60,000 பவுன் விலை பேசி, ஆண்டுக்கு 3,000 பவுனாக இருபது ஆண்டில் தீர்ப்பதென்று ஓவனும் அவர் கூட்டாளிகளும் 1799-இல் அவ்வாலைகளை வாங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் திருமணமும் நிகழ்ந்தது. 1800-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓவன் ஆலையின் பொறுப்பை ஏற்றார்.

அப்போது அவ்வூரின் குடிகள் ஏறக்குறைய இரண்டாயிரவர். அவருள் ஐந்நூற்றுவர் அனாதை விடுதிகளிலிருந்து கொணரப்பட்ட சிறுவர். டேல் இரக்கமுள்ளவர், பிள்ளைகளுக்கு நல்லுணவும் உடையும் தந்தார், மாலையில் கல்வியும் கற்பிக்கச் செய்தார். எனினும், காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை இயந்திரத்தின் முன் நின்ற ஆறு வயதுக் குழந்தைக்கு அதன்பின் எழுத்து எப்படி ஏறும்? பெரியவரிடத்தோ குடியும் களவும் சண்டையும் மலிந்திருந்தன. ஓவன் வேற்று நாட்டார் என்பதால் அவரை எவரும் நம்பவில்லை.

ஓவன் கொண்ட கொள்கை ஒன்றே. மனிதனுடைய குணம் அவனே ஆக்கிக்கொள்வதன்று. அவன் பிறந்து வளர்ந்த சூழல் ஆக்கித் தருவது. ஆகவே தீயவனைத் தண்டிப்பதினும் தீமை விளையும் இடத்தைத் திருத்துவதே முறை என்பது அது. களவுக்கு அவர் ஒருவரையும் நீதிமன்றம் ஏற்றவில்லை; சரக்கு கைமாறும் ஒவ்வோரிடத்தும் எண்ணிக் கணக்கிடும் ஏற்பாடு செய்தார்; களவு தானே குறைந்தது. அனாதைச் சிறுவரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டாரை ஆலைக்குள் விடாதொழிந்தார். வீதிகளைத் துப்புரவாக்கி, வீடுகளைப் பெரிதாக்கினார்.

அடியும் வசவும் ஒழிந்த இடத்தில் அவர் வைத்தது ஒரு சிறு மரத்துண்டு. நாற்புறமும் நான்கு நிறம் தீட்டிய அதனை ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கவிட்டார். முந்தின நாள் வேலை தீதாயின் கருப்பும், நடுத்தரமாயின் நீலமும், நன்றாயின் மஞ்சளும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்புறம் தெரியுமாறு மேற்பார்ப்போர் திருப்பி வைப்பர். நிறம் நாடோறும் ஏட்டிற் பதியப்படும். தமக்கு இட்ட நிறம் தவறு என்று கருதுவோர் நேரே ஓவனிடம் முறையிடலாம். அவர் ஆலையினூடே நடந்து செல்வார். மரத்துண்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லார். முதலிற் கருப்பே மிகுந்திருந்ததென்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் வெள்ளையும் மிகுந்தனவென்றும் எழுதியிருக்கிறார். இது நன்றா என்று எம்மைக் கேட்டால், பிரம்பினும் நன்று என்போம். ஆனாலும், ஒருவனது மதிப்பை நாளெல்லாம் ஊரறியத் தொங்கவிடுதல் எமக்கு முழுதும் உவப்பன்று.

அடுத்து, கடையைப் பற்றிச் சொல்லல் வேண்டும். நம்மவர்க்கு இது மிக உரியது. அவ்வூரிற் சில்லறைக் கடைக்காரர் பலர் இருந்தனர். தாழ்ந்த சரக்கை உயர்ந்த விலைக்குக் கடனாகக் கொடுப்பர். கடனில் மூழ்கியவன் வேறு கடைக்குப் போகவும் மாட்டான். ஓவன் தாமே ஒரு பண்டசாலை வைத்தார். தானியமும் துணியும் பிறவும் மொத்தக் கொள்முதலாக ரொக்கத்துக்கு வாங்கி, அசலின்மேற் சிறிதே வைத்து விற்கச் செய்தார். சரக்கு தூயது, நிறை சரியானது. இதனால் தொழிலாளர்க்குச் செலவில் நாலில் ஒரு பங்கு மிஞ்சிற்றென்று அவர் கணக்கிட்டார். கூலி ஒரு காசும் ஏறாமலே கூலியின் பயன் ஏறிவிட்டது! கிடைத்த சிறு இலாபமும் பள்ளிக்கூடச் செலவுக்கே சென்றது. நடுவுநிலைமை அதிகாரத்துள் வாணிகர்க்கெனத் தனியே ஒரு குறள் அமைத்த திருவள்ளுவனாரை ஓவன் அறியார். அறிந்திருந்தால் அப்பண்டசாலையின் வாயிலில் அதனை எழுதி வைத்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

இவ்வளவு செய்தும் தொழிலாளர் மனம் முழுதும் திரும்பவில்லை. முதலாளி எது செய்தாலும் அதற்குள் ஒரு சூது இருக்கும் என்பது அவர் அனுபவம். அந்த ஐயத்தை நீக்கியது ஒரு நெருக்கடி. பிரிட்டனோடு பகைத்த அமெரிக்கா 1807-ஆம் ஆண்டிறுதியில் ஏற்றுமதித் தடை விதித்தது. பஞ்சின் விலை எல்லை கடந்து ஏறிற்று. அவ்விலைக்கு வாங்கி நூற்றால் நட்டம் வருமென அஞ்சிப் பல ஆலைக்காரர் ஆட்களைக் கூலியின்றித் தெருவில் விட்டனர். ஓவனும் ஆலையை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்துத் துப்புரவாக வைத்திருப்பதே வேலை. கூலி முன்போலவே முழுதும் உண்டு என்று அறிவித்தார். நான்கு மாதம் ஒரு நூலும் நூற்கப்படவில்லை. 7,000 பவுனுக்கு மேல் கூலியாகச் சென்றது. ஒருவர்க்கும் ஒரு பென்னியும் பிடிக்கப்படவில்லை.

பேரேட்டில் இத்தொகை நட்டப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். அதன் வரவு வேறு பக்கத்தில் வந்தது. அன்று முதல் அவ்வூரார் ஓவனைத் தம்மவராகக் கொண்டனர். தடை நீங்கி ஆலை ஓடத் தொடங்கியபோது, பழகிய கைகள் அனைத்தும் அவ்விடத்திலேயே இருந்தன. நியூ லானார்க்கு நூலின் தரம் நாடெங்கும் பெயர் பெற்றது.

கூட்டாளிகளுக்கு இவையெல்லாம் உவப்பாயிருக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டுவதற்கும் வீடு திருத்துவதற்கும் முதலை ஏன் செலவிட வேண்டும் என்றனர். 1809-இல் பழைய கூட்டாளிகளை 84,000 பவுன் விலைக்கு விலக்கிப் புதியவரைச் சேர்த்தார். புதியவரும் அதே பாட்டைப் பாடினர். ஓவனை வெளியேற்றி ஆலையைத் தாமே மலிவாக எடுக்க எண்ணி, அவர் நிருவாகத்தால் ஆலையின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று ஊரிற் பேச்சுப் பரப்பினர். ஓவன் சும்மா இருக்கவில்லை. இலண்டன் சென்று, ஐந்து சதவீத இலாபம் போதும், எஞ்சியதெல்லாம் தொழிலாளர் கல்விக்கும் நலத்துக்கும் ஆகுக என்று இசையும் நல்லவரைத் தேடினார். குவேக்கர் நெறியினராகிய வில்லியம் ஆலனும், சட்ட அறிஞராகிய ஜெரிமி பெந்தாமும் அவருள் அடங்குவர். 1813-ஆம் ஆண்டிறுதியில் ஏலம் நிகழ்ந்தது. மதிப்புக் குறைந்ததென்று சொன்ன அவர்களே போட்டியிட்டு ஏற்றிக்கொண்டு போயினர். முடிவில் 1,14,100 பவுனுக்கு ஓவனே எடுத்தார். 60,000 பவுனுக்கு வாங்கியது பதினான்கு ஆண்டில் அவ்விலைக்குப் போயிற்றென்றால், தொழிலாளர் இன்பம் ஆலையைக் கெடுத்ததா என்பதை அன்பர்களே கணக்கிடுவார்களாக. ஓவன் ஊர் திரும்பிய நாளில் தொழிலாளர் எதிர்கொண்டு வந்து, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர்.

1816-ஆம் ஆண்டு முதல் நாள் அவ்வூரிற் புதிய கல்விக்கூடம் திறக்கப்பட்டது. எம்போல் பள்ளிக்கூடத்தில் காலங்கழிப்போர்க்கு அவர் சரித்திரத்தில் இதுவே இனிய பகுதி. நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அங்கே இடமுண்டு. புக்கானன் என்னும் எளிய நெசவாளர் ஒருவரையே அவர் குழந்தைகளுக்கு ஆசிரியராக்கினார். பெரிய படிப்பினராக அவரைக் கருதியன்று, குழந்தைகளிடத்து அன்பும் பொறுமையும் உடையவராதல் பற்றியே. அடித்தல் இல்லை, கடுஞ்சொல் இல்லை, பரிசும் இல்லை. உடன் விளையாடும் குழந்தையை மகிழச் செய்யவேண்டும் என்பதே முதற்பாடம். பெரிய நிலப்படங்களையும் விலங்குப் படங்களையும் சுவரில் மாட்டி, குழந்தைகள் கேட்கும் கேள்விகளிலிருந்தே பாடம் நடந்தது. பாட்டும் கூத்தும் அன்றாடம் உண்டு. இதனைக் காண ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் வந்தனர். பிற்காலத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கலஸும் 1816-இல் வந்து கண்டார். 1815-க்கும் 1825-க்கும் இடையில் வந்து பார்த்தோர் ஏறக்குறைய இருபதினாயிரவர்.

அவ்வாண்டில் ஆலையின் வேலை நேரம் நாளொன்றுக்கு பத்தே முக்கால் மணியாகக் குறைந்தது. பிற ஆலைகளில் பதின்மூன்றும் பதினான்கும் ஓடிய காலம் அது. எல்லா ஆலைகளுக்கும் இதனைச் சட்டமாக்க ஓவன் பெரிதும் முயன்றார். ஆலைக்காரர் எதிர்ப்பால் அச்சட்டம் தேய்ந்து தேய்ந்து 1819-இல் நிறைவேறிற்று. ஒன்பது வயதுக்குட்பட்டார் பஞ்சாலையில் வேலை செய்யலாகாது, பதினாறு வயதுக்குட்பட்டார்க்குப் பன்னிரண்டு மணியே என்பது அதன் சாரம். ஆலையைப் பார்வையிட அதிகாரிகளை நியமிக்கவில்லை. வேலி இல்லாத பயிர் போலாயிற்று அது.

இனி, புகழ்ந்துகொண்டே போதல் சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று. நியூ லானார்க்கில் இன்பம் இருந்தது. அவ்வின்பம் இன்னதென வகுத்தவர் ஓவன் ஒருவரே. குடித்தவர்க்கு அபராதம் உண்டு. வீடு துப்புரவாக இருக்கிறதா என்று பார்க்கக் குழுவினர் வீட்டுக்குள் நுழைவர். பெண்டிர் அவர்களுக்கு மூட்டைப்பூச்சி பிடிப்போர் என்று பெயரிட்டுக் கதவைச் சாத்தினர். தொழிலாளரைக் கேட்டு நடந்தது சிறிது. அவர்க்காக நடந்ததே பெரிது. இதனை ஓவனே பிற்காலத்தில் உணர்ந்து, அம்மக்கள் தம் தயவை நோக்கி வாழ்ந்த அடிமைகளாகவே இருந்தனர் என்று ஒப்புக்கொண்டார். மேலும், இயந்திரத்தின் துணையால் 2,500 பேர் ஆக்கிய செல்வம், அரை நூற்றாண்டுக்கு முன்பு 6,00,000 பேர் ஆக்கக்கூடியதாயிருக்க, இடையிலுள்ள அவ்வளவு செல்வமும் எங்கே போயிற்று என்று தம்மையே கேட்டுக்கொண்டார். மற்றொன்றும் உண்டு. அவ்வாலையில் நூற்ற பஞ்சிற் பெரும்பகுதி கடல் கடந்த நிலங்களில் கருப்பு அடிமைகள் பறித்தது. நியூ லானார்க்கின் இன்பக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை.

இதன்பின் ஓவன் தம் ஆலையளவில் நிற்க மனங்கொள்ளவில்லை. 1817-இல் இலண்டனிற் கூடிய கூட்டத்தில் எல்லா மதங்களையும் வெளிப்படையாகக் கண்டித்தார். பெரியோர் பலர் அவரைக் கைவிட்டனர். கூட்டாளியாகிய ஆலனோ, பள்ளியில் நடனம் கூடாது, வேதபாடம் வேண்டும் என்று பிணங்கினார். மனம் கசந்த ஓவன் 1825-இல் அமெரிக்காவில் இண்டியானா நாட்டிலிருந்த ஓர் ஊரை விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று பெயரிட்டு, எல்லாரும் பொதுவாக உழைத்துப் பொதுவாக நுகரும் குடியிருப்பு அமைத்தார். வந்து சேர்ந்தோரை ஆராயாமல் சேர்த்தார். தாமும் உடனிருந்து நடத்தவில்லை. ஆறு வாரம் வாய் மூடி ஆலையைக் கற்ற அவருடைய பழைய பொறுமை அங்கே காணப்படவில்லை. 1827-க்குள் அது சிதைந்தது. அவர் செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதனோடு போயிற்று. 1828-இல் நியூ லானார்க்குப் பங்கையும் விட்டுவிட்டார். மனைவியார் 1831-இல் இறந்தார். உழைத்த நேரத்தையே நாணயமாகக் கொண்டு பண்டமாற்றும் சந்தை ஒன்றை 1832-இல் இலண்டனில் வைத்தார். அதுவும் இரண்டாண்டில் முடிந்தது. தொழிலாளர் சங்கங்களையெல்லாம் ஒன்றாக்க 1834-இல் எழுந்த பெருஞ்சங்கத்துக்கும் அவ்வாறே ஆயிற்று.

பெரியன அழிந்தன, சிறியது பிழைத்தது. ஓவன் கொள்கையிற் பழகியோரை உள்ளிட்ட இருபத்தெட்டுத் தொழிலாளர் ராச்டேல் என்னும் ஊரில் சிறு சந்தா சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு மளிகைக் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் தானியம், மெழுகுவத்தி என்பனவே சரக்கு. கலப்படம் இல்லை, குறைநிறை இல்லை, கடன் இல்லை, இலாபம் வாங்கிய அளவுக்கேற்ப வாங்கியவர்க்கே திரும்பும். நியூ லானார்க்குப் பண்டசாலையில் முதலாளி தயவால் நடந்தது, இங்கே தொழிலாளர் தம் கையால் நடந்தது. இம்முறையைப் பின்பற்றியே சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டு நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று.

ஓவன் எண்பத்தேழாம் வயதிலும் ஓயவில்லை. 1858-ஆம் ஆண்டு இலிவர்ப்பூலிற் கூடிய சமூக அறிவியல் மகாநாட்டிற் பேசப் போய்த் தளர்ந்து வீழ்ந்தார். தம்மைப் பிறந்த ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் நியூடவுனில், தாம் பிறந்த வீட்டின் அண்மையிலேயே உயிர் நீத்தார். தாய் தந்தையர் அடங்கிய இடத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். நியூ லானார்க்கு ஆலைகள் 1968 வரை ஓடின. 2001-இல் அவ்வூர் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்கப்பட்டது. கல்விக்கூடமும் பண்டசாலையும் இன்றும் நிற்கின்றன. ஓவன் கல்லறையைச் சுற்றியுள்ள இரும்பு வேலி, 1902-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடைகளை நடத்தும் சங்கத்தார் தம் செலவில் அமைத்தது.